மேட்டு மனைக்கு ஒன்பது அளவு

முதல் அளவின்போது நிலத்தில் இருந்தவர்கள் ஏழு பேர்: மேட்டுக்காரர் குடும்பத்தின் மூத்தவரும் பதினெட்டு ஏக்கர் உப்பளத்துக்குச் சொந்தக்காரருமான சேவியர்ராஜ்; அவருடைய மறைந்த தம்பி ஆல்பர்ட்டின் மனைவி லீமா; லீமாவின் மகள், அப்போது நான்காம் வகுப்பு படித்த ரோஸ்லின்; தெற்கே ஒட்டிய உப்பளத்தின் உரிமையாளரும் சேவியர்ராஜுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா மகனுமான டோமினிக்; அரசு சர்வேயர் ஐயப்பன்; வீடு கட்டுவதற்காகத் திண்டிவனத்திலிருந்து வரவழைக்கப்பட்ட இன்ஜினியர் சத்யப்ரியா; டேப்பின் மறுமுனையைப் பிடிக்க நின்ற, உப்புப் பாத்தியில் வேலை செய்யும் ஆண்டாள். பங்குச் சாமியாரும் இருந்ததாகச் சிலர் சொல்வது சரியல்ல; அவர் அன்று வெளியூரில் ஒரு அடக்கப் பூசைக்குப் போயிருந்தார். இந்த ஏழு பேர் பார்த்திருக்க, 2014 பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி புதன்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, வடகிழக்குக் கல்லில் தொடங்கிய அளவு நான்கு பக்கமும் சுற்றி அதே கல்லில் வந்து முடிந்த நொடியில், இருபது சென்ட் நிலம் ஒரு முழம் கீழே இறங்கியது. சத்தம் இல்லை, தூசி எழவில்லை. நான்கு எல்லைக்கற்களும் இருந்த உயரத்திலேயே நின்றன. உள்ளே இருந்த மண்ணும், ஓர் இளம் பனையும், இரண்டு வேலிகாத்தான் புதரும், ரோஸ்லின் கழற்றிப் போட்டிருந்த செருப்பும் மட்டும் போயின. நடுவில் நின்றிருந்த சத்யப்ரியா மற்றவர்களைவிட ஒரு முழம் குட்டையாகத் தெரிந்தார். அவர் வரப்பில் கை ஊன்றி ஏறி வெளியே வந்து, சுடிதாரில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார்.

மேட்டுக்காரர் என்ற பெயர் அந்த நிலத்தால் வந்தது. பக்கிங்காம் கால்வாய்க்கும் கழுவெளி ஏரிக்கும் நடுவே, கண்ணுக்கு எட்டிய வரை பாத்திகளாகக் கிடக்கும் பூமியில், மழைக்காலத்தில் தண்ணீர் ஏறாத ஒரே இடம் அந்த இருபது சென்ட்தான். சேவியர்ராஜின் தாத்தா சவரிமுத்து 1951-இல் அதை வாங்கினார். உப்பு வாருகிறவர்கள் உச்சி வெயிலில் அந்த மேட்டில் ஏறித்தான் கஞ்சி குடித்தார்கள். வெள்ளம் வந்த ஆண்டுகளில் மூன்று ஊர் மாடுகள் அங்கேதான் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. திருவிழாத் தேருக்கு முன்னால் முதல் மெழுகுவர்த்தியைப் பிடித்து நடக்கும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு வந்ததும் அதற்குப் பிறகுதான். உப்பளம் வைத்திருப்பவர்கள் இந்தக் கரையில் நூறு பேர் இருக்கிறார்கள். மேடு வைத்திருந்தது நம் குடும்பம் ஒன்றே.

அந்த மேட்டில் வீடு வேண்டும் என்று கேட்டவர் லீமா. ஆல்பர்ட் மாரடைப்பில் இறந்தபின் அவரும் ரோஸ்லினும் உப்புக் கிடங்கை ஒட்டிய இரண்டு அறைகளில் இருந்தார்கள். அந்தச் சுவர்கள் ஆண்டு முழுவதும் வியர்த்தன. வெள்ளை அடித்த பதினைந்தாம் நாள் உப்பு பூத்து, காரை பொரிந்து, கட்டிலில் உதிர்ந்தது. ஆணிகள் மூன்று மாதத்தில் துருவாகிப் போனதால் ஆல்பர்ட்டின் படம் ஐந்து முறை கீழே விழுந்தது. ஐந்தாவது முறைக்குப் பிறகு லீமா அதை மாட்டவில்லை, அரிசி டின்மேல் சாய்த்து வைத்தார். அவர் பங்குப் பள்ளியில் டீச்சர். பிள்ளைகளின் நோட்டுகளைத் தரையில் வைத்தால் காலையில் தாள்கள் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மடியில் வைத்தே திருத்தினார். “ஒரே ஒரு செவுரு காஞ்சி இருந்தா போதும் மாமா. வேற எதுவும் நான் கேக்கல” என்றார். ஆல்பர்ட்டின் முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னிலையிலும், மேட்டு மனையில் வீடு கட்டித் தருவதாகச் சேவியர்ராஜ் வாக்குக் கொடுத்தார். மேட்டுக்காரர் யாரும் கொடுத்த வாக்கை மாற்றியதில்லை. இவரும் மாற்றவில்லை என்பது பின்னால் தெரியும்.

வீடு கட்டுமுன் நிலத்தை அளக்க வேண்டும். எந்த அளவு என்பதில்தான் பேச்சு வந்தது. சத்யப்ரியா முதல் நாளே, டேப் விரிவதற்கு முன்பே, தன் எண்ணத்தைச் சொல்லிவிட்டார். “சார், எல்லைய அப்புறம் பாத்துக்கலாம் சார். பட்டா இருக்குது, கல்லு நிக்குது. வீட்டுக்கு மொதல்ல வேண்டியது லெவல் சர்வே. கடல் மட்டத்துலேர்ந்து நம்ம நெலம் எவ்ளோ உசரத்துல இருக்குது, அடியில என்ன மண்ணு, உப்புத் தண்ணி எவ்ளோ ஆழத்துல நிக்குது, இது தெரியாம பேஸ்மட்டம் எத்தன அடின்னு நான் எப்டி சொல்றது?” அதற்கு இரண்டு மணி நேரம் போதும் என்றார். கோயில் படிக்கட்டில் செதுக்கப்பட்டிருக்கும் உயரக் குறியிலிருந்து தொடங்கி, முக்காலிமேல் வைத்த தொலைநோக்கியால் அளவுக்கோலைப் பார்த்துப் பார்த்து வந்தால் மேட்டின் உயரம் தெரிந்துவிடும்.

சேவியர்ராஜ் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். “பேரே மேடு. அதுக்குப் போயி உசரம் பாக்கணுமாம்மா? ஒருத்தன் பேரச் சொன்னா போதாதா, பொறப்பு சர்டிபிகேட்ட காட்டுன்னு கேப்பியா?”

பக்கத்தில் நின்ற ஆண்டாள் இதைவிட எளிய வழி ஒன்று சொன்னார். உப்புத் தொழிலில் இருப்பவர்கள் பாத்தியின் மட்டத்தைப் பார்க்கக் கருவி எதுவும் வைத்துக்கொள்வதில்லை. பாத்தியை மிதித்துச் சமப்படுத்தி, விரல் அளவுக்குத் தண்ணீர் விட்டு, எங்கே தேங்குகிறது, எங்கே மண் தலைகாட்டுகிறது என்று பார்ப்பார்கள். ஒரு மூலை அரை விரல் தாழ்ந்திருந்தாலும் தண்ணீர் சொல்லிவிடும். “ஒரு வாட்டி தண்ணி உட்டுப் பாத்துட்டா போச்சு மொதலாளி. எந்தப் பக்கம் எறக்கம், எங்க உறிஞ்சுது, எல்லாம் பொழுதுக்குள்ள தெரிஞ்சிடும்” என்றார். சேவியர்ராஜின் பதினெட்டு ஏக்கரிலும் இந்தச் சோதனை நடக்காத பாத்தி கிடையாது. ஆண்டுதோறும் தை மாதத்தில் அவரே குனிந்து, கன்னம் தரையில் படுமளவுக்கு முகத்தைச் சாய்த்து, தண்ணீரின் விளிம்பைப் பார்ப்பார். ஆனால் வீட்டு மனையில் உப்புத் தண்ணீர் விடுவது அதைப் பாத்தி என்று ஒப்புக்கொள்வதாகும். “பாத்திக்குப் பண்ணு ஆண்டாளு. இது பாத்தி இல்ல” என்றார். பேச்சு அத்துடன் முடிந்தது.

அவர் எல்லை அளவைத் தேர்ந்ததற்குக் காரணம் டோமினிக். 1968 மழையில் தென்கிழக்குக் கல் சாய்ந்தபோது சவரிமுத்து அதை நிமிர்த்தி நட்டார். நட்ட இடம் பழைய இடம்தானா என்று டோமினிக்கின் தகப்பனார் காலத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு உண்டு. வீடு கட்டும் செய்தி பரவிய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து டீக்கடையில் நின்ற கூட்டத்தில் டோமினிக் சொன்னான்: “மேட்டுக்காரங்க கல்லுக்குக் கால் மொளச்சி ஏழு அடி நடந்து வந்துச்சே, அத மொதல்ல கட்டிப் போடச் சொல்லுங்கப்பா. நாளைக்கு வீட்டையும் இழுத்துக்கினு நம்ம பாத்திக்கு வந்துடப் போவுது.” இருபது பேர் சிரித்தார்கள். சேவியர்ராஜ் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். மறுநாள் காலை சர்வேயருக்கு விண்ணப்பம் போனது.

முதல் அளவு முடிந்து நிலம் இறங்கிய பிறகு, ஐயப்பன் வரைபடத்தைப் பிரித்து நான்கு பக்கங்களையும் குறுக்களவையும் சரிபார்த்தார். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் இல்லை. தென்கிழக்குக் கல் 1951-இல் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. அறிக்கைப் படிவத்தில் நீளத்துக்கு ஒரு கட்டம் உண்டு, அகலத்துக்கு ஒரு கட்டம் உண்டு. நிலம் இறங்கியதை எழுத இடம் இல்லாததால் அவர் ‘அளவு சரி’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவர் நேர்மையான மனிதர், கேட்கப்பட்டதை எழுதினார். சவரிமுத்துவின் பெயர் அன்றே தெளிந்தது. ஆனால் டோமினிக் மனு போட்டான். நிலம் இறங்கும்போது கற்கள் அந்தரத்தில் நின்றுவிட்டதால் அவை நகர்ந்திருக்க வாய்ப்பு உண்டு, மறு அளவு வேண்டும் என்பது மனு. நம்பிக்கை இருப்பவன் மறு அளவுக்கு அஞ்ச மாட்டான் என்று சேவியர்ராஜ் உடனே சம்மதித்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் இரண்டாவது அளவு நடந்தது. அளவு சரி. நிலம் இன்னொரு முழம் இறங்கியது.

அதன்பின் டோமினிக் புதுப் புது மனு போட, ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்றாக அளவுகள் நடந்தன. 2015-இல் மூன்றாவது. ஐயப்பன் நடுவில் இருமுறை மாற்றலாகிப் போய்த் திரும்பி வந்தார். அவர் இல்லாதபோது வந்தவர்கள் அளந்தாலும் அதே முழம்தான். டேப்புக்குப் பதில் சங்கிலியால் அளந்தார்கள், பிறகு கண்ணாடி வைத்த எலக்ட்ரானிக் மெஷினால் அளந்தார்கள், பிறகு வானத்துச் செயற்கைக்கோளைப் பார்த்து அளந்தார்கள். எதில் அளந்தாலும் நிலம் வேறுபாடு காட்டவில்லை. மூன்றாம் அளவுக்கு முன் பங்குச் சாமியார் டேப்பின்மேல் தீர்த்தம் தெளித்தார். நிலம் அன்றும் ஒரு முழமே இறங்கியது, குறையவும் இல்லை, கூடவும் இல்லை. 2016-இல் சேவியர்ராஜ் பிரம்மதேசத்து ஏரியிலிருந்து நூற்று நாற்பது லாரி மண் அடித்துப் பள்ளத்தை விளிம்பு வரை நிரப்பினார். லீமா அன்று பள்ளிக்கு விடுப்புப் போட்டு வந்து, வரப்பில் நின்று, கடைசி லாரி வரை பார்த்தார். மறுநாள் மண் அடித்தவர், எத்தனை கன அடி அடித்தோம் என்று தெரிந்தாக வேண்டுமே என்று, நீளத்தையும் அகலத்தையும் தன் டேப்பால் அளந்தார். அடித்த மண் முழுவதும் போய், பழைய ஆழத்துக்குக் கீழே இன்னொரு முழத்தில் நிலம் நின்றது. அவர் அரசு ஊழியர் அல்லாதபோதும் அது நான்காவது அளவாகவே எண்ணப்படுகிறது.

ஒவ்வொரு அளவுக்கு முன்பும் சத்யப்ரியா வந்தார். அவருக்கு அதற்குள் திருமணமாகி, ஒரு குழந்தை பிறந்து, திண்டிவனத்தில் சொந்த அலுவலகமும் வந்துவிட்டது. இருந்தும் அவர் ஸ்கூட்டியில் வந்து அதையே சொன்னார்: லெவல் எடுக்க விடுங்கள், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒரு எண்ணாவது கையில் இருக்கட்டும், அந்த எண்ணை வைத்து ஏதாவது செய்யலாம். சேவியர்ராஜ் அவருக்கு நாற்காலி போடச் சொல்வார், மோர் கொடுக்கச் சொல்வார், மறுத்துவிடுவார். இறங்கிய நிலத்தின் உயரத்தைக் கேட்பது, விழுந்தவனிடம் போய் எத்தனை அடி விழுந்தாய் என்று கேட்பதுபோல் அவருக்குப் பட்டது. எல்லை தீர்ந்தால் எல்லாம் தீரும் என்றார்.

ஐந்தாவது அளவு 2018 மே மாதம். அப்போது நிலம் ஓர் ஆள் உயரத்துக்குப் போயிருந்தது. அன்று டோமினிக் வரப்பின் விளிம்புக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. சர்வேயர் மெஷினை நிலைநிறுத்திக்கொண்டிருக்கும்போது அவன் சேவியர்ராஜின் அருகில் வந்தான்.

“அண்ணே, போதும்ணே. எனக்கே பயமா இருக்குது. மனுவ இப்பவே வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“வாங்கிக்கோ.”

“நீயும் ஒரு வார்த்த சொல்லணும். தாத்தா கல்ல எங்க நட்டாருன்னு எனக்குத் தெரியாது, நான் அப்போ பொறக்கலன்னு மட்டும் சொல்லு. நவுத்துனாருன்னு சொல்ல வேணாம். தெரியாதுன்னு சொன்னா போதும். எங்கப்பா பேருக்கும் ஒரு மரியாத இருக்குது இல்ல? அவரு பொய்யன்னு நான் எழுதிக் குடுக்க முடியுமா?”

லீமா இரண்டடி தள்ளி நின்றிருந்தார். அவர் காதில் எல்லாம் விழுந்தது. “மாமா” என்றார். சேவியர்ராஜ் 1968-இல் பிறந்திருக்கவில்லை என்பது உண்மைதான். கல் எங்கே நடப்பட்டது என்பதை அவர் கண்ணால் பார்க்கவில்லை என்பதும் உண்மைதான். அவர் தென்கிழக்குக் கல்லைப் பார்த்தார். கொக்குகள் கூட்டமாகப் பாத்திகளின் மேல் தாழப் பறந்து போயின. பிறகு ஐயப்பன் பக்கம் திரும்பி, “அளங்க சார்” என்றார். அளந்தார்கள். அளவு சரியாக இருந்தது; டோமினிக் மனுவை வாபஸ் வாங்கவில்லை. லீமா அதன்பின் ஓராண்டு அவரிடம் பேசவில்லை. வீட்டுக்கு வந்தால் காபி மட்டும் வைத்தார். சேவியர்ராஜ் செய்தது தவறு என்று இன்று பலரும் எளிதாகச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் நம் குடும்பத்தில் எவர் நின்றிருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்.

ஆறு, ஏழு, எட்டு என்று அளவுகள் போயின. இளம் பனை வளர்ந்துகொண்டே இறங்கியது. அதன் உச்சி வரப்பில் நிற்பவரின் மார்பு மட்டத்துக்கு வந்தபின், பிள்ளைகள் மரம் ஏறாமல் நுங்கு பறித்தார்கள். மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கவில்லை; மண் உறிஞ்சிக்கொண்டது. புயல் வந்த ஆண்டில் சுற்றிலும் பாத்திகள் முழுகியபோது, நான்கு கல்லுக்கு உட்பட்ட வானத்தில் மட்டும் மழை பெய்யாததால் பள்ளம் காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்து லீமாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. எட்டாவது அளவின்போது அவர் வடகிழக்குக் கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தார். “கல்லு சரியா இருக்குதுன்னு ஆறு வாட்டி எழுதியாச்சி. இன்னும் எத்தன வாட்டி சார்? நெலம் பாவம் இல்ல?” என்று ஐயப்பனிடம் கேட்டார். சேவியர்ராஜ் தணிந்த குரலில், “எந்திரிம்மா. சவரிமுத்து ஆல்பர்ட்டுக்கும் தாத்தாதான்” என்றார். லீமா எழுந்தார்.

ஒன்பதாவது அளவு 2022 செப்டம்பரில், ரோஸ்லின் வேலூரில் நர்சிங் சேர்ந்த மாதத்தில் நடந்தது. அதன்பின் தாலுகா அலுவலகத்திலிருந்து இறுதி உத்தரவு வந்தது: தென்கிழக்குக் கல் உரிய இடத்தில் உள்ளது, இனி இது குறித்து எந்த மனுவும் ஏற்கப்படாது. சேவியர்ராஜ் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, திருவிழாவன்று கோயில் வாசலில் எல்லோரும் படிக்கும்படி ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். டோமினிக் வந்து படித்தான். படித்துவிட்டுக் கைகுலுக்கினான். சவரிமுத்துவின் பெயரில் இன்று ஒரு புள்ளி அளவும் கறை இல்லை. நிலம் ஒன்பது முழம் கீழே இருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்தபின், சத்யப்ரியா யாரையும் கேட்காமல் லெவல் மெஷினுடன் வந்தார். ஆண்டாள் அளவுக்கோலைப் பிடித்தார். கோயில் படிக்கட்டுக் குறியில் தொடங்கி, தெருவைத் தாண்டி, வரப்புகளின்மேல் நடந்து, பள்ளத்தின் நடுவே வந்து முடித்தார்கள். நிலம் அசையவில்லை. எல்லையை அளந்த ஒன்பது முறையும் இறங்கிய நிலம், உயரத்தை அளந்தபோது ஒரு நூல்கூட இறங்காமல் கிடந்தது. சத்யப்ரியா நோட்டில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, பள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கடல் மட்டத்துக்கு இரண்டரை மீட்டர் கீழே. தொடக்கத்தில் இதே இடம் கடல் மட்டத்துக்கு ஒன்றரை மீட்டருக்கு மேலே இருந்திருக்க வேண்டும், மண்ணும் கெட்டியான மண், மூன்றடி பேஸ்மட்டத்தில் நூறு வருடம் நிற்கும் வீடு கட்டியிருக்கலாம் என்று அவர் அந்தத் தாளில் எழுதிக் கொடுத்தார். சேவியர்ராஜ் அதை வாங்கி, மடித்து, திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

வாக்குக் கொடுத்த இடம் மேட்டு மனை. வேறு இடத்தில் கட்டலாம் என்று சாமியாரே வந்து சொன்னார். சேவியர்ராஜ் கேட்கவில்லை. 2023-இல் ஒன்பது முழம் ஆழத்தில் கடைக்கால் எடுத்து, கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம் என்று வீடு எழுந்தது. சத்யப்ரியா வரைபடம் போட்டுக் கொடுத்தார். போட மறுத்திருந்தால் இன்னும் மோசமாக யாராவது கட்டியிருப்பார்கள் என்றார். கொத்தனார்கள் கண்ணளவிலும் கயிற்றிலும் வேலை செய்தார்கள். டேப்பைக் கொண்டுவர அனுமதி இல்லை. கூடத்துத் தரை மட்டும் ரசமட்டம் வைத்து, குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்து, கோலிக்குண்டு வைத்தால் உருளாத அளவுக்குச் சமமாக அமைந்தது. கீழ்த்தளத்தின் சன்னலைத் திறந்தால் பக்கத்துப் பாத்திகளின் அடிமண் தெரிந்தது. மேல்தளத்தின் பால்கனி வரப்புக்கு நேராக வந்ததால் அதுவே வாசலாயிற்று. லீமா அரிசி டின்மேல் இருந்த ஆல்பர்ட்டின் படத்தைக் கொண்டுவந்து கீழ்க்கூடத்தில் மாட்டினார். சுவர் காய்ந்திருந்தது. அவர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், கன்னத்தை வைத்துப் பார்த்தார். நாற்பத்தொரு நாள் அது காய்ந்திருந்தது.

நாற்பத்திரண்டாம் நாள் காலை, கார்த்திகை மழைக்கு நடுவே, தரை ஓடுகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் வந்தது. சேறு கிடையாது, நாற்றம் கிடையாது. கண்ணாடிபோல் தெளிந்து, கையில் எடுத்தால் எண்ணெய்போல் கனத்தது. நாலு விரல் ஆழத்துக்கு வந்து நின்றுகொண்டது. இறைத்தால் மாலைக்குள் அதே நாலு விரல். இறைக்காவிட்டாலும் அதே நாலு விரல். எந்த மூலையில் விரலை விட்டாலும் ஒரே ஆழம். ஆண்டாள் பால்கனி வழியே இறங்கி வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து, முகத்தைச் சாய்த்துத் தண்ணீரின் விளிம்பைப் பார்த்தார். முதல் நாள் அவர் கேட்ட சோதனை ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கழித்துத் தானாக நடந்தது. “நாப்பது வருசமா பாத்தி மிதிக்கிறேன். இவ்ளோ சமமா ஒண்ண நான் பாத்ததே இல்லம்மா” என்றார். லீமாவின் முகத்தைப் பார்த்ததும் சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

வெயில் படாத இடத்தில் உப்பு விளையாது என்பது தொழில் தெரிந்தவர்கள் சொல்வது. அந்தக் கூடத்தில் மாசியில் விளைந்தது. ஓரங்களில் தொடங்கி, சோபாவின் கால்களைச் சுற்றி, மாடிப்படியின் இரண்டாவது படி வரை வெள்ளையாக ஏறியது. ஆல்பர்ட்டின் படம் இந்த முறை விழவில்லை. ஆணியும் சட்டமும் கண்ணாடியும் சேர்ந்து உப்பாய் இறுகிச் சுவரோடு ஒன்றாகிவிட்டன. முகம் இருக்கும் இடத்தை லீமாவால் தடவித்தான் சொல்ல முடியும். பக்கத்தில் மாட்டியிருந்த தாலுகா உத்தரவும் அப்படியே. மாசி முதல் ஆவணி வரை பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஆண்டாள் வாருபலகையோடு வந்து கூடத்தில் உப்பு வாருகிறார். லீமா மேல்தளத்தில் இருக்கிறார். அங்கேயும் சுவர்கள் வியர்க்கின்றன. நோட்டுகளை மடியில் வைத்துத்தான் திருத்துகிறார். வீட்டு வரிக்காகக் கட்டடத்தை அளக்க வந்த ஊழியரை அவர் வரப்பிலேயே நிறுத்தி, பெரிய வீடு என்றே எழுதிக்கொள்ளுங்கள், டேப்பை மட்டும் விரிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். ரவிக்கைக்கு அளவு கொடுப்பதுகூட மரக்காணம் கடைத்தெருவில்தான். ரோஸ்லின் விடுமுறைக்கு வந்தால் இரண்டு நாள் இருப்பாள், தும்மிக்கொண்டே திரும்பிப் போவாள்.

சேவியர்ராஜ் தினமும் சாயங்காலம் வந்து வடகிழக்குக் கல்லின்மேல் உட்காருகிறார். அவருக்கு இப்போது முழங்கால் வலி; பால்கனிக்குப் பலகை போட்டிருந்தும் உள்ளே போவதில்லை. லீமா சன்னல் வழியே காபியை நீட்டுவார். போன மாதம் ஒரு நாள் அவர் நான்கு மூலையையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நாலு கல்லும் நட்ட எடத்துலதான் நிக்குது, பாத்தியா?”

“நிக்குது மாமா” என்றார் லீமா. “நாங்கதான் எறங்கிட்டோம். டம்ளர குடுங்க.”

அவர் டம்ளரைக் கொடுத்தார். குடும்பத்தை இன்றும் எல்லோரும் மேட்டுக்காரர் என்றே அழைக்கிறார்கள்; தபாலும் அந்தப் பெயருக்குத்தான் வருகிறது. வீடு மேற்கொண்டு இறங்கவில்லை. லீமாவின் வீட்டுக் கூடத்தில் மீன்கள் நீந்துவதாகவும், அவர் மாடிப்படியில் உட்கார்ந்தே தூண்டில் போடுவதாகவும் பக்கத்து ஊரான அனுமந்தையில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அந்த உப்பில் மீன் பிழைக்காது.